நின்ன எடத்துலயே ஒரு நடை

"கைப்பிடிய இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா, சும்மா தொட்டுக்கிட்டு முன்னாடி பாத்து நடங்க" அப்படிங்கறா டெஸ்ட் எடுக்கற இந்தப் பொண்ணு சபீனா. முன்னாடி பாத்தா செவுருதான் இருக்குது. செவுத்துல ஒரு படம், பச்சைப் புல்லு, நடுவுல மண்பாதை, பாதைக் கடைசியில ஒரு மரம். அந்த மரத்துக்குப் போய்ச் சேர்றதாவது! காலுக்கடியில ஓடற மிசினு பெல்ட்டு என்னையப் பின்னாடி இழுக்குது, நான் முன்னாடி எட்டு வெக்கறேன், ரெண்டு பேரும் சேந்து நின்ன எடத்துலயே நிக்கறோம். நெஞ்சு பூரா ஒட்டு, ஒட்டுக்கு ஒரு ஒயரு, கையில பிரஷர் பாக்கற பட்டை, ஆஸ்பத்திரிச் சட்டைக்கு முதுகுல ரெண்டே முடிச்சு, ஒண்ணு அவுந்தா மானம் போச்சு. முப்பத்தி நாலு வயசுல எனக்கு இது தேவையா? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறது பூராப் பெரிய தலைங்க. அதுல ஒருத்தரு என்ற வூட்டுக்காரரைப் பாத்து, "அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா தம்பி"ன்னு கேக்கறாரு. "இல்லீங்க, சம்சாரத்துக்கு"ன்னு மாமா சொன்னதும் அந்தாளு என்னையத் திரும்பிப் பாத்த பார்வை இருக்குதே, சந்தையில அழுகின தக்காளியப் பாக்கற பார்வை. பாத்தா பாத்துட்டுப் போறாரு. ரெண்டாவது பிரசவத்துல வந்த சக்கரை, கொழந்தை பொறந்தா போயிரும்னாங்க, பொறந்த பொண்ணு ஸ்கூலுக்கே போறா, சக்கரை போகல. இப்ப ஈசிஜியில என்னமோ சின்ன டவுட்டாம், நடக்க வெச்சுப் பாக்கோணுமாம். படியேறினா எப்படி இருக்குதுன்னு டாக்டரம்மா கேட்டப்ப கொஞ்சூண்டு மூச்சு வாங்குதுங்கன்னு மட்டும் சொன்னேன். தாடைக்குக் கீழ இருந்து எடது தோள்பட்டை வரைக்கும் ஒரு இழுப்பு வருது, நின்னா போயிருது, அதைச் சொல்லல. மாமாகிட்டயும் சொல்லல. யாராச்சும் தாடை வலிக்குதான்னு கேட்டா சொல்லியிருப்பேன். நெஞ்சு வலிக்குதான்னுதான் கேட்டாங்க. நெஞ்சு வலிக்கல. அப்ப நான் பொய் சொல்லல, ஆமா.

இன்னைக்கு இது பாஸாயிட்டாப் போதும் சாமி. தை பொறந்ததும் என்ற தம்பி கௌதமுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யறதுக்குக் கூடப்பொறந்தவ வேணும், அவனுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன்னா பெரியப்பன் மவ ரேணுகாவைப் புடிச்சு நிறுத்திருவாங்க. அவளும் எப்படா எப்படான்னு பட்டுச் சேலையை அயர்ன் பண்ணி வெச்சிருப்பா. நான் செத்தாலும் அது மட்டும் நடக்கக் கூடாது. அய்யோ, என்ன பேச்சு இது, வாயைக் கழுவோணும். நல்ல காரியம் வெச்சிருக்கற வூட்டுல சீக்குப் பேச்சே எடுக்கக் கூடாதும்பாங்க எங்க பக்கம். தும்மினாலே அம்மா மொறைக்கும். போன வாரம் போன்ல, "என்ன கண்ணு கொரலு ஒரு மாதிரி இருக்குது"ன்னு கேட்டுச்சு. படியேறி வந்து மூச்சு வாங்கிட்டு நின்னவ, "ஒண்ணுமில்லம்மா, மொளகாய் வறுத்தேன், கமறுது"ன்னேன். மொளகாய் ஏது, வூட்டுல அன்னைக்கு ரசஞ்சோறு. எவ்வளவு சுளுவா வருது வாயில! "அக்கா, ஏதாச்சும் பண்ணுதா?" சபீனா கேக்கறா. "ஒண்ணும் பண்ணலம்மா." பாரு, இதுவும் சுளுவா வருது. கையில பட்டை புஸ்ஸுன்னு உப்புது, இறுக்குது, விடுது. சபீனா பேப்பரு மேல என்னமோ எழுதறா. என்ன எழுதறாளோ, நல்லதா எழுதுடி அம்மிணி, உனக்குப் புண்ணியமாப் போகும்.

நான் வேலை பாக்கறது திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி, செக்கிங் டேபிள்ல. நாள் பூரா நின்னுக்கிட்டே டீசர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பாக்கோணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஒண்ணும் என்ற கண்ணுக்குத் தப்பாது. ஆனா சரக்கு வாங்கற பையர் ஆளு இன்ஸ்பெக்சனுக்கு வர்ற அன்னைக்குக் கம்பெனியே வேற கம்பெனி. தரை பளபளங்கும், ஆளாளுக்குத் தலையில தொப்பி, குடிக்கற தண்ணிக்கிட்டப் புது டம்ளரு. டேமேஜ் பீஸெல்லாம் மூட்டை கட்டி மாடிக்கு ஏத்திருவாங்க. வந்தவங்க கை குடுத்துட்டுப் போனதும் மூட்டை பூரா மறுபடி எறங்கும், டம்ளரு பூரா மறுபடி உள்ள போயிரும். அந்தப் பழக்கந்தான் எனக்கும், வேறென்ன? இந்த டெஸ்ட்டுக்குத் தேதி குடுத்த அன்னைக்கே நான் ஒடம்பை இன்ஸ்பெக்சனுக்கு ரெடி பண்ண ஆரம்பிச்சுட்டேன். சோறு ஒரே ஒரு கரண்டி. தட்டுல பாதி காய், கால்வாசி பருப்போ கொள்ளோ, அந்த டயட் சொல்ற பொண்ணு படம் போட்டுக் காமிச்ச மாதிரியே. அப்பளம் இல்ல, ஊறுகா இல்ல, கம்பெனி வாசல்ல நாலு மணிக்கு வர்ற பஜ்ஜி வண்டி பக்கம் தலை வெச்சுப் படுக்கல. வெள்ளென எந்திரிச்சு நடை வேற. அந்த நடையிருக்குதே! எங்க வீதியில ஒரு பொம்பள கையில கொடமோ கூடையோ இல்லாம நடந்தாப் போதும், கேள்வி வந்துரும். "எங்க அம்மிணி இந்நேரத்துல? யாருக்கு என்னாச்சு?" யாருக்கும் ஒண்ணும் ஆகலீங், நடக்கறேனுங். "சும்மாவா நடக்கற?" சும்மாதானுங். சுடிதாருக்குக் கீழ கேன்வாஸ் சூவைப் பாத்துட்டுப் பால்காரன் வேற சிரிச்சான். நாய்ங்க ஒரு பக்கம். கடைசியில ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில எடுத்துக்கிட்டேன், கடைக்குப் போறாப்புல. அப்பறம் ஒருத்தரும் கேக்கல. நாயும் கொலைக்கல. அந்தப் பையை நெனச்சா இப்பவும் எரிச்சலா வருது.

அந்த டயட்டுப் பொண்ணு வெவரமானவ. போன தடவை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கஞ்சித்தண்ணியில இருந்தேன், வெறும் வயித்துச் சக்கரை அம்சமா வந்துச்சு. இவ இன்னொரு ரிப்போர்ட்டைத் திருப்பிக் காமிச்சா, மூணு மாசத்துச் சராசரியாம், அது சந்தி சிரிக்குது. "அக்கா, பட்டினி கெடந்து யாரை ஏமாத்தறீங்க? மூணு மாசமும் நீங்கதானே சாப்பிட்டீங்க" அப்படின்னா. கோவந்தான் வந்துச்சு எனக்கு. என்ன பெருசாச் சாப்பிட்டேன்? ஒறம்பரை வூட்டு விசேஷம்னா இனிப்பு ஒப்புட்டைத் தொடறதில்ல. டீக்குச் சக்கரை போடறதில்ல, நாட்டுச்சக்கரைதான். அதைச் சொன்னதும் அவ தலையில கை வெச்சுக்கிட்டா. "அதுவும் சக்கரைதாங்க்கா!" அதெப்படி? மாமாவைப் பெத்த அத்தை கவுந்தப்பாடியில இருந்து வர வெச்சு, "இது மண்ணுல வெளைஞ்சது, மருந்து மாதிரி"ன்னு டப்பாவோட நீட்டுனது. பாவம், அது எனக்குக் கெடுதல் பண்ணவா குடுத்துச்சு? ராத்திரி சோறு இல்ல, சப்பாத்தி. சப்பாத்தின்னா கணக்குல வராதுன்னு நாலு அஞ்சு. அப்பறம் பிள்ளைங்க மிச்சம். இதைத்தான் அவகிட்டச் சொல்லவேயில்ல, மறைச்சதில்ல, சாப்பிட்டதாவே எனக்கு ஞாபகமில்ல. கிஷோர் ரெண்டு தோசை கேப்பான், ஒண்ணே முக்கா திம்பான். சின்னவ நெய்ச்சோறைப் பெசைஞ்சு வெச்சுட்டு டிவி பாப்பா. வாழைக்கா சிப்ஸு, கடிச்ச கேக்கு, பாதி லட்டு. குப்பையில கொட்ட மனசு வருமா? நின்னவாக்குல வாயில போட்டுக்கறது, அப்பிடியே சிங்க்குல தட்டைப் போடறது. உக்காந்து எலை போட்டுச் சாப்பிட்டாத்தான் சாப்பாடு, அடுப்படியில நின்னுக்கிட்டே போறது சாப்பாடா என்ன? அதே மாதிரிதான் நடையும். நாள் பூரா நிக்கறேனே, வூட்டு வேலை செய்யறேனே, அதுக்கு மேல என்னத்த எக்சர்சைஸுன்னு கேட்டேன். "நிக்கறது வேறக்கா, மூச்சு வாங்க நடக்கறது வேற. இதயத்துக்கு வேலை குடுக்கோணும், தெனமும் குடுக்கோணும்" அப்படின்னா. குடுக்கறேன்டி தாயி. இப்பக் குடுத்துட்டுத்தான் இருக்கேன், பாரு.

"அடுத்த ஸ்டேஜுக்கா. கொஞ்சம் வேகமாகும், கொஞ்சம் ஏத்தமாகும்" அப்படின்னு சபீனா சொல்லி வாய் மூடறதுக்குள்ள பெல்ட்டு முன்னாடித் தூக்குது. இது ரோடு இல்ல, மலை. பழனிக்குப் படியேறின மாதிரி கெண்டைக்காலு கதறுது. அப்பாவோட பழனிக்குப் போயிருக்கேன், தோள் மேல உக்காந்து. அப்பாவை இப்ப எதுக்கு நெனைக்கறேன்? நெனைக்க வேண்டாம். செவுத்துல மரம் இருக்குது, அதைப் பாக்கறேன். மரம் நல்லாருக்குது. அப்பா தறி ஓட்டினாரு, பகல் ஷிப்ட்டு ராவு ஷிப்ட்டு எல்லாம். அவருக்குஞ் சக்கரை. சித்தப்பா கல்யாணத்துக்கு மொத நாளு பந்தக்கால் நட்டு முடிச்சுட்டு வந்து செவுத்தோரமா சாஞ்சு உக்காந்தாரு, கழுத்தைத் தடவிக்கிட்டே. "வாயுப் புடிச்சிருக்குது"ன்னாரு. அம்மா எண்ணெய் காச்சித் தேச்சுவுட்டுச்சு. என்னைய சோடா வாங்கியாரச் சொன்னாரு. வாங்கிட்டு வந்தேன், குடிச்சாரு, ஒரு ஏப்பம் வுட்டாரு. "பாத்தியா, போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லாத கண்ணு, கல்யாண வூடு"ன்னு என்ற கன்னத்தைக் கிள்ளுனாரு. நான் சொல்லல. சின்னப் புள்ள, சொல்லாதன்னா சொல்ல மாட்டேன். கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. மறுநாள் பந்தலைப் பிரிக்கறப்ப அவருதான் இல்ல. நாப்பது தாண்டி கொஞ்சந்தான். ஊரே வந்து நல்ல சாவு, படுக்கையில கெடந்து இழுக்கலன்னு சொல்லுச்சு. நல்ல சாவாம்! அப்பவே எனக்கு அவங்க வாயிலயெல்லாம் மண்ணள்ளிப் போடலாம்னு இருந்துச்சு. ஏன்ப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, தாலி கட்டாமயா போயிருப்பாங்க? இதை நான் யாருகிட்டக் கேக்கறது, என்னையத்தான் கேக்கோணும், கேக்க மாட்டேன். மூச்சு. மூச்ச இழு. மூக்குல இழுத்து வாயில வுடு.

கதவைத் தொறந்துக்கிட்டு டாக்டரம்மா உள்ள வர்றாங்க. ஸ்கிரீனை எட்டிப் பாக்கறாங்க. "பரவால்லயே கோகிலவாணி, நல்லாப் போறீங்களே!" அப்படிங்கறாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர் முதுகுல தட்டுன சந்தோசம் எனக்கு. பாத்தியா, சொன்னேன்ல, ஒரு வாரம் நடந்தாலும் நடைதான். "இன்னும் கொஞ்சம் போனீங்கன்னா முடிச்சுடலாம். நெஞ்சு, கை, தாடை, எங்கயாச்சும் அசௌகரியம் இருக்குதா?" தாடைன்னாங்க. தாடைன்னே கேட்டுட்டாங்க. இனி அந்தச் சாக்கும் போச்சு. "இல்லீங்க மேடம்." வாய்தான் சொல்லுச்சு, நான் சொல்லல. ஏன்னா அது வந்துருச்சு. ஏத்தம் ஏறினப்பவே வந்துருச்சு, காதுக்குக் கீழ சின்னதா, புளியங்கா கடிச்சாக் கூசுமே அந்த எடத்துல. கூசுது. சும்மா கூசுது. பல்லு வலியா இருக்கலாம். கடவாப்பல்லு ஒண்ணு சொத்தை, அதுதான், அதேதான், கல்யாணம் முடிஞ்சதும் புடுங்கிரோணும். பல்லுக்கும் தோள்பட்டைக்கும் என்ன சம்பந்தம்? தோள்பட்டைக்கு எறங்கிருச்சு. பீஸு தூக்கற கையி, அதுல வலி இருக்கத்தான் செய்யும். அது வலது கையி. சரி, இருந்துட்டுப் போகுது. கெடக்கறது கெடக்கட்டும் கெழவியத் தூக்கி மணையில வைங்கற கதையா, எனக்கு இப்பவும் ரேணுகா சேலை கண்ணு முன்னாடி நிக்குது. அரக்குக் கலரு. அவளுக்கு அரக்கு எடுக்காது. கொஞ்ச நேரந்தான், முடிஞ்சுரும்னாங்கல்ல. பல்லைக் கடி. பிரசவத்தையே பல்லைக் கடிச்சுத் தாண்டுனவ நீ. டாக்டரம்மா போன் அடிக்குது, எடுத்து யாருகிட்டயோ மெதுவாப் பேசறாங்க. ஸ்கிரீனைப் பாக்காம ஏன் பேசறாங்க? பாக்காட்டி நல்லதுதானே. பாருங்கம்மா, யாராச்சும் பாருங்க. இல்ல, வேண்டாம், பாக்காதீங்க.

பாஸாயிட்டா என்னாகும்? வெளிய போவேன், மாமா எந்திரிச்சு நிப்பாரு. அவரு மோட்டாருக்கு காயில் கட்டற ஆளு, சுட்டுப்போன மோட்டாரை மோந்து பாத்தே சொல்லிருவாரு, பொண்டாட்டி மொகத்தைப் பாத்துச் சொல்லத் தெரியாது. "ஒண்ணுமில்லயாமா?"ன்னு கேப்பாரு. ஒண்ணுமில்லயாமுங்க. அவ்வளவுதான், அவரு கண்ணு நெறையும், மறைக்கறதுக்கு எம்மேல எரிஞ்சு வுழுவாரு, "நாந்தான் சொன்னேன்ல, தேவையில்லாம ஒரு நாள் போச்சு"ம்பாரு. வர்ற வழியில அவருக்குக் காரப்பொரி, எனக்குச் சுண்டல். வூட்டுக்குப் போனதும் அத்தை திருஷ்டி சுத்தும். அப்பறம்? அப்பறம் நாளைக்கு கம்பெனி, மாடிப்படி. இழுப்பு வரும். வராம எங்க போகும்? அப்ப நான் யாருகிட்டச் சொல்றது? சொன்னா, "அதான் பெரிய டெஸ்ட்டே எடுத்தாச்சே, ஒண்ணுமில்லன்னுட்டாங்களே"ம்பாங்க. நானே சொல்லிக்குவேன். பாஸுன்னு சீல் குத்தின பொட்டியை எவனும் மறுபடி பிரிக்க மாட்டான், எனக்குத் தெரியாதா? தெனம் நான் குத்தற சீலு. பொட்டிக்குள்ள ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், மேல டேப்பு ஒட்டி லாரி ஏறிரும். லாரி ஏறிருச்சுன்னா போச்சு. அப்பறம் ஒரு நாளு கிஷோரைக் கூப்பிட்டு சோடா வாங்கியாரச் சொல்லுவேன். அவன் ஓடுவான், நல்ல புள்ள, சொன்னா ஓடுவான். யாருகிட்டயும் சொல்லாத கண்ணும்பேன். அடச்சீ! சொல்லுவேன், நான் அப்பிடியே சொல்லுவேன், அதே கொரல்ல. எனக்கு என்னையப் பாத்தே பயமா இருக்குது. வேர்வை சில்லுங்குது. இது நடந்த வேர்வையில்ல. மரத்தைக் காணோம், செவுரு மங்கலாத் தெரியுது.

"அக்கா? ஓகேதானே?" "ம்." அது ஒரு பதிலா? ம்-னா என்ன அர்த்தம்? எங்க வூட்டுல பொம்பளைங்க பூரா ம் சொல்லியே காலத்தை ஓட்டுனவங்க. சொல்லுடி கோகிலா. வாயைத் தொற. ரேணுகா நிக்கட்டும், அரக்குச் சேலை கட்டிட்டு நல்லா நிக்கட்டும், போட்டோவுல மூக்கு பெருசாத் தெரியட்டும், நான் கட்டில்ல இருந்து பாத்துச் சிரிச்சுக்கறேன். கட்டில்ல இருந்தாலும் இருக்கோணுமல்ல? இல்லாதவ எங்கிருந்து சிரிக்கறது? தம்பி கோவிச்சுக்குவான். கோவிச்சுக்கட்டும், ஒரு வாரம் பேச மாட்டான், அப்பறம் பேசுவான். பேச நான் இருக்கோணும். "வலிக்குது." மெதுவாத்தான் வந்துச்சு. மிசினு சத்தத்துல எனக்கே கேக்கல. டாக்டரம்மா இன்னும் போன்ல. பெல்ட்டு ஓடுது, காலு அது பாட்டுக்கு ஓடுது, சொன்னதைச் சொல்லாததா ஆக்கிக்க இன்னும் நேரம் இருக்குது, யாருக்கும் தெரியாது, கொஞ்ச நேரந்தான். "வலிக்குதுன்னு சொல்றேன்! நிறுத்துங்க!" இப்பக் கத்தினேன். பிள்ளைங்களைக் கூட இப்பிடிக் கத்தினதில்ல. சபீனா கை பட்டனுக்குப் போச்சு, பெல்ட்டு மெதுவாகுது, டாக்டரம்மா போனைத் தூக்கி மேசை மேல போட்டுட்டு ஓடி வந்து என்ற தோளைப் பிடிச்சு, "படுங்க, மெதுவா, மெதுவா"ன்னு கட்டில்ல சாய்க்கறாங்க. நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வெக்கறாங்க. மேல ஃபேன் சுத்துது. பேப்பரு நீளமா வெளிய வந்துட்டே இருக்குது, அதை இழுத்துப் பாத்த டாக்டரம்மா மொகத்துல சிரிப்பு இல்ல. "எங்கம்மா வலிக்குது?" காமிச்சேன். இங்க. இங்க. இந்தத் தோளு வரைக்கும். "இன்னைக்குத்தான் வருதா, முன்னாடியும் வந்துச்சா?" ஆடியில இருந்துன்னு சொல்ல வாயெடுத்தேன், கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு. சபீனா என்ற கையைப் பிடிச்சுக்கிட்டா, அவ கை சூடா இருக்குது. "சொல்றேனுங்க மேடம். எல்லாத்தையும் சொல்றேன். வெளிய எங்க வூட்டுக்காரர் பூபதின்னு உக்காந்திருப்பாரு, அவரையும் உள்ள கூப்பிடுங்க. இனி ரெண்டாந்தடவை சொல்ல எனக்குத் தைரியம் வராது."